சொட்டை விழுந்த மேடு

போர்ட் லோரிமர் நகரசபைக் கட்டடத்தில், கூட்ட அறைக்கு வெளியே ஒரு பெரிய வரைபடம் தொங்குகிறது. நகரத்துக்குச் சொந்தமான பச்சை நிலமெல்லாம் அதில் நிறம் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. விளையாட்டு மைதானம் நீலம், பூங்கா பச்சை, புதர்க்காடும் சதுப்பும் பழுப்பு, பண்பாட்டுச் சிறப்பு உள்ள இடம் சிவப்பு. இந்த நான்கிலும் சேராமல் திண்டாடும் துண்டு துக்கடா நிலங்களுக்கு வெளிர் மஞ்சள் பூசி, 'பொதுப் பயன்பாடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் எங்கே வைப்பதென்று தெரியாத சாமானையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைப்போமே, அந்த டப்பாதான் அது.

ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்தபடி நிற்கும் டுகன் மேடும் வெளிர் மஞ்சள்தான். அதற்கு அந்த நிறத்தை வாங்கிக் கொடுத்தவள் கவுன்சிலர் நோரீன் டல்லி.

சில வருஷங்களுக்கு முன்னால் பச்சை நிலக் குழுவுக்கு அவள்தான் தலைவி. மேட்டைப் பூங்கா என்று போடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பூங்கா என்றால் ஊஞ்சல் வரும், ஊஞ்சலுக்குக் குழி தோண்டுவார்கள். மைதானம் என்றால் விளக்குக் கம்பம் நடுவார்கள். பண்பாட்டுச் சிறப்பு என்று சொல்லிவிட்டாலோ, என்ன சிறப்பு என்று நாலு நிபுணர்கள் வந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். யார் கண்ணிலும் படாத வகை எது என்று யோசித்து, "பொதுப் பயன்பாடு போதும், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்று முடித்துவிட்டாள் நோரீன். அங்கே யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மேட்டின் உச்சியில் ஒற்றையாய் நிற்கும் பாறைக்கு அடியில் அவள் மகன் ரோரியின் சாம்பல் கிடக்கிறது.

ரோரி பத்தொன்பது வயதில் முகத்துவாரத்து அலையில் படகு கவிழ்ந்து செத்தான். வாயாடி. பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தான். அவனிடம் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சின்ன வயசில் அட்டைப்பெட்டியைத் தட்டையாக்கி அதன்மேல் உட்கார்ந்து டுகன் மேட்டுச் சரிவில் சறுக்கிக்கொண்டே கிடப்பான். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருமே அங்கே சறுக்கி வளர்ந்தவர்கள்தான், நோரீன் உட்பட.

பொது நிலத்தில் சாம்பல் கொட்ட நகரசபையின் அனுமதி வேண்டும். கேட்டால் கிடைக்காது என்பது ஊருக்கே தெரியும், அதனால் யாரும் கேட்பதில்லை. நோரீனும் அவள் புருஷன் டெஸ்ஸும் ஒரு விடியற்காலையில், தகனச் சாலையில் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மேடேறினார்கள். தெற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த மேட்டில் காற்றுப் படாத இடம் பாறை மறைவு ஒன்றுதான். அங்கே கொட்டினார்கள். கொட்டிய இடத்தில் புல் பட்டுப்போனது. சாம்பலில் உப்பு அதிகமாம். அதற்கப்புறம் அங்கே ஒரு புல்கூடத் தலைகாட்டவில்லை.

நகரசபைத் தோட்டக்காரர்கள் பார்த்தார்கள். புழு விழுந்திருக்கிறது என்றார்கள். வசந்தம் பிறந்தால் லாரியில் நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, விதை தூவி, தண்ணீர் விட்டுவிட்டுப் போவார்கள். கோடைக்குள் அது பழையபடி சொட்டையாகிவிடும். போகப் போக மேட்டில் அங்கொன்று இங்கொன்றாக வேறு சொட்டைகளும் விழுந்தன. தன் சொட்டையைப் பற்றி நோரீனுக்குத் தெரியும். மற்றதெல்லாம் நிஜமாகவே புழு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அந்த மேட்டைத்தான் இப்போது விற்கப் பார்க்கிறார்கள்.

வரைபடத்தில் இருக்கும் எல்லா நிறமும் சட்டப்படி 'சமூக நிலம்'. சமூக நிலத்தை நகரசபை விற்க முடியாது. விற்க வேண்டுமானால் முதலில் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு 'நிர்வாக நிலம்' என்று மாற்ற வேண்டும். ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, அப்புறம் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட வேண்டும். கருத்துக் கேட்டு முடிந்துவிட்டது. ஓட்டு இன்று மாலை.

விற்பதும் சூதாட்ட விடுதிக்கு ஒன்றும் இல்லை, முதியோர் இல்லத்துக்கு. ஊரில் இருக்கும் இல்லத்தில் இடமில்லாமல், வயசானவர்களை எங்கோ உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பிவைக்கிறார்கள். கடலைப் பார்த்தே வாழ்ந்தவர்கள் கோதுமை வயலைப் பார்த்துச் சாகிறார்கள். இல்லம் வேண்டும் என்பதில் நோரீனுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பழைய ரயில்வே நிலத்தில் கட்டுங்கள் என்றாள். அங்கே வெள்ளம் வரும் என்றான் மேயர் கிரேயம் பாஸ்க். வெள்ளம் வரும் என்பதும் உண்மைதான்.

கிரேயமும் நோரீனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் மேயர், அவள் அவனுக்குத் தலைவலி. கவுன்சிலர்கள் ஏழு பேர். விற்கச் சொல்பவர்கள் மேயரோடு மூன்று, கூடாதென்பவர்கள் நோரீனோடு நான்கு. ஓட்டுச் சமமாக விழுந்தால் மேயருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. ஆக, நோரீன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மேடு பிழைக்கும். எழுந்து போனால் போச்சு.

எழுந்து போவதற்கு ஒரு விதி இருக்கிறது. எந்த விஷயத்திலாவது ஒரு கவுன்சிலருக்குச் சொந்த நலன் இருந்தால், அதை எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். ஓட்டு முடிகிறவரை தலை காட்டக் கூடாது. இந்த விதியைக் கையில் பிடித்துக்கொண்டு நோரீன் ஆடாத ஆட்டம் இல்லை. கசாப்புக்கடைக் கவுன்சிலர் காலின் ஹாட்ச்சைத் தன் கடைக்கு எதிரே கார் நிறுத்தும் இட விவகாரத்தில் வெளியே அனுப்பியிருக்கிறாள். மேயரின் சித்தப்பா மகனுக்கு நகரசபைக் கூரை வேலை கிடைக்கவிருந்தபோது மேயரையே அனுப்பியிருக்கிறாள். "சந்தேகமா? எழுந்து வெளிய போ." இதுதான் அவள் பாட்டு. டீக்கடையில் பையன்கள்கூட அவளை மாதிரியே விரலை ஆட்டிச் சொல்லிக் காட்டுவார்கள்.

அன்று மதியம் டெஸ்ஸைக் கூப்பிட்டாள். ரோரி போன மறுவருஷமே இருவரும் பிரிந்துவிட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. ஒருத்தர் முகத்தில் இன்னொருத்தருக்கு அவன் முகம் தெரிந்தது, தாங்கவில்லை, அவ்வளவுதான். டெஸ் இப்போது வடக்கே, குயின்ஸ்லாந்தில்.

"சொல்லப் போறேன்னு மட்டும் சொல்லாத" என்றான் டெஸ், அவள் வாயைத் திறக்கும் முன்பே.

"விதி இருக்குல்ல டெஸ்."

"விதியும் மண்ணாங்கட்டியும். உனக்கும் எனக்கும் தவிர அது யாருக்குத் தெரியும்? வாய மூடிட்டு உக்காரு, கைய தூக்கு, வீட்டுக்குப் போ."

"மத்தவங்களையெல்லாம் நான் வெளிய தொரத்தியிருக்கேன்."

"அதுக்கு? ஊரு முன்னாடி நீ யோக்கியம்னு காட்டறதுக்கு அவன் மேல காங்கிரீட் போடணுமா?" அவன் குரல் உடைந்தது. "நோரீன், நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. வீட்டக்கூட கேக்கல. இது ஒண்ணு கேக்கறேன்."

"சரி" என்றாள் நோரீன். மனசாரத்தான் சொன்னாள்.

கூட்டம் மாலை ஆறு மணிக்கு. தொடங்கும் முன் வெள்ளைக்காரர்கள் வருமுன்பே இந்த மண்ணில் வாழ்ந்த மூத்த குடிகளுக்கு மரியாதை செலுத்தும் வாசகத்தை மேயர் படிப்பது வழக்கம். கவுன்சிலர் வெர்னா சாண்டர்ஸ் அந்த மூத்த குடியில் பிறந்தவள். மேயர் அதைக் கடகடவென்று ஒப்பிக்கும்போதெல்லாம் அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவாள். ஒருநாளும் எதுவும் கிடைத்ததில்லை.

அடுத்தது நலன் அறிவிப்பு. கிரேயம் கண்ணாடிக்கு மேலாக நோரீனைப் பார்த்தான்.

"யாருக்காவது அறிவிக்க வேண்டியது இருக்கா? நோரீன், வழக்கம்போல இன்னிக்கு யார வெளிய அனுப்பலாம்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"யாரையும் இல்ல" என்றாள் நோரீன். காலின் அவளை வியப்போடு திரும்பிப் பார்த்தான். மழை பெய்யாத மழைக்காலத்தைப் பார்ப்பது போல.

டுகன் மேட்டு விவகாரம் வந்தது. பச்சை நிலப் பிரிவின் இளம் அதிகாரி திரையில் படங்களைக் காட்டினான். மேட்டை ஆட்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள், புல்வெளியின் நிலை மோசம், பல இடங்களில் சொட்டை விழுந்துவிட்டது, எத்தனை செலவு செய்தும் பலனில்லை என்றான். நல்ல பையன்தான், சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். கடைசிப் படத்தில் பாறை வந்தது. பாறைக்கு அடியில், வெளுத்துப்போய், படுக்கை விரிப்பு அளவுக்குச் சொட்டை.

நோரீன் மேசைக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே உட்கார்ந்து மீன் வறுவலும் உருளை வறுவலும் தின்றாள். ஊர் வம்பெல்லாம் சொல்லிவிட்டு, எழும்போது கடைசித் துண்டை அங்கே வைத்துவிட்டு வந்தாள். அதைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போனது.

மேயர் கையிலிருந்த சுட்டுவிளக்கின் சிவப்புப் புள்ளியை அந்தச் சொட்டை மேல் சுற்றிச் சுற்றி ஓட்டினான்.

"இதப் பாருங்க. எத்தன லாரி மண்ணு, எத்தன மூட்ட வித. ஒரு புல்லு மொளச்சுதா? பாதுகாக்கணும், பாதுகாக்கணும்னு சொல்றீங்களே, எத பாதுகாக்கறது? இங்க ஒண்ணுமே இல்ல. செத்த நெலம்."

அந்தச் சிவப்புப் புள்ளி நகராமல் நின்றது. சொட்டையின் நடுவில், அசையாமல்.

தான் எழுந்து நிற்கிறோம் என்பது நோரீனுக்கே நின்ற பிறகுதான் தெரிந்தது.

"மேயர் அவர்களே. எனக்கு ஒரு நலன் இருக்கு. அறிவிக்கணும்."

"அதெல்லாம் ஆரம்பத்துலயே முடிஞ்சு போச்சு, நோரீன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆணையர் மொய்ரா ஃபென் தலையை ஆட்டினாள். "எப்ப வேணாலும் அறிவிக்கலாம், மேயர்."

"ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்க" என்றாள் நோரீன். குரல் நடுங்கவில்லை. "அந்தப் படத்துல இருக்கறது என் பையன். ரோரி. அது புழு இல்ல. அவனோட சாம்பல நானும் டெஸ்ஸும் அங்கதான் கொட்டினோம். யார்கிட்டயும் கேக்கல. அந்த மேட்ட எந்த வகையில போடறதுன்னு நான் குழுவுல உக்காந்து முடிவு பண்ணப்பவும் இத சொல்லல. சொல்லியிருக்கணும். இன்னிக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். ஆனா அங்க ஒண்ணுமே இல்லன்னு சொன்னா நான் எப்படி உக்காந்திருக்கறது? இருக்கு. அவ்வளவுதான்."

பையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். கனமான கதவு தானாக மூடிக்கொண்டது. அந்தக் கதவு மூடிவிட்டால் உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது.

வரைபடத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தேநீர்க் கெட்டில் முனகிக்கொண்டிருந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை எதுவும் அவளுக்கு வரவில்லை. முதல் தடவை அவனைக் கடல் எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை பெற்றவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். டெஸ்ஸுக்கு என்ன பதில் சொல்வது? மூன்றுக்கு மூன்று, அதற்கு மேல் மேயரின் ஓட்டு. கணக்கு முடிந்தது. கண்ணாடி இல்லாமல் வரைபடத்தில் டுகன் மேட்டைத் தேடினாள். மஞ்சள் எல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒளித்து வைக்கிறேன் என்று, யாருமே காப்பாற்ற வராத டப்பாவில் அவனைப் போட்டுவைத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கதவு திறந்தது. அதற்குள் ஓட்டு முடிந்துவிட்டதா என்று நிமிர்ந்தாள். வந்தவள் கெர்ரி டன்ஸ்டன், பள்ளிக்கூட டீச்சர், நோரீன் பக்கத்து ஓட்டு. கெர்ரியின் மூக்கு சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"எங்கப்பா" என்றாள் கெர்ரி. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "சவுக்கு மரத்துக்குக் கீழ ஒரு சொட்ட இருக்கில்ல, அது எங்கப்பா. நானும் தம்பியும் கொட்டினது. நான் அத மறந்தே போயிட்டேன் நோரீன். மறக்கல. மறந்த மாதிரி இருந்தேன். நீங்க எழுந்து போனப்புறம் எல்லாரும் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் என்னால உக்கார முடியல."

"அடி பாவி, உன் ஓட்டும் போச்சா" என்றாள் நோரீன். சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, சந்தேகமா இருந்தா வெளிய போன்னு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கதவு மறுபடி திறந்தது. காலின் ஹாட்ச். மேயர் பக்கத்து ஆள். பெரிய உடம்பைக் கோணிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கெட்டிலிடம் போய் நின்றான்.

"காலின்? உனக்கென்ன அங்க?" என்றாள் நோரீன்.

"ரஸ்ட்டி."

"யாரு ரஸ்ட்டி?"

"என் நாய்" என்றான் காலின். கோப்பையில் தேநீரை ஊற்றினான், பாதி வெளியே வழிந்தது. "சிரிக்காதீங்க. பதினாலு வருஷம் கூட இருந்துச்சு. நாய்க்கெல்லாம் நலன் அறிவிக்கணுமான்னு ஆணையரக் கேட்டேன். புஸ்தகத்தப் பொரட்டிப் பாத்துட்டு, தெரியலங்கறா. சந்தேகம்னா வெளிய போகணும்ல. உன் பாட்டுதான அது. கார் நிறுத்தற எடத்துக்கே என்ன வெளிய தள்ளினவ, நாய்க்கு விடுவியா?"

நோரீன் சிரிக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். பெஞ்சு முனகியது.

மூன்று பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கெர்ரி விரல் விட்டு எண்ணினாள். உள்ளே நான்கு பேர். மேயரும் இன்னொருவரும் ஒரு பக்கம், வெர்னாவும் இன்னொருவரும் ஒரு பக்கம். இரண்டுக்கு இரண்டு. மேயரின் ஓட்டு இருக்கிறது. நான்கு பேர் இருந்தால் கூட்டம் செல்லும்.

"இப்பவும் அவன்தான் ஜெயிக்கறான்" என்றாள் கெர்ரி.

"தெரியும்" என்றாள் நோரீன்.

காலின் தேநீரை ஊதி ஊதிக் குடித்தான். வெளியே, ஆற்றுப் பக்கம், வெயில் இன்னும் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே இவ்வளவு நேரம் என்ன பேசுகிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. ஓட்டுப் போட எவ்வளவு நேரம் ஆகும், கையைத் தூக்க வேண்டியதுதானே.

கதவு திறந்தது. கிரேயம் பாஸ்க் வெளியே வந்தான். கழுத்தில் மேயர் சங்கிலி இல்லை. கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் அதிலேயே சாய்ந்து நின்றான்.

யாரும் எதுவும் கேட்கத் தேவை இருக்கவில்லை. நான்கு மூன்றாகிவிட்டது என்று கெர்ரியின் விரல்களே சொல்லிவிட்டன. மூன்று பேரை வைத்துக்கொண்டு நகரசபை ஒரு மரக்கிளையைக்கூட வெட்ட முடியாது.

கொஞ்சத்தில் வெர்னாவும் ஆணையரும் வந்தார்கள்.

"கூட்டம் கலைஞ்சுது" என்றாள் ஆணையர். "தீர்மானம் எடுக்க ஆள் போதல. இருந்தபடியே இருக்கும், சமூக நெலமா." அவள் வரைபடத்தை நிமிர்ந்து பார்த்தாள். வேலையில் கெட்டி, ஆனால் இன்று அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "இத இப்ப எந்த வகையில போடறது? இத்தன பேரு எழுந்து சொன்னப்புறம் பொதுப் பயன்பாடுன்னு விட முடியாதே. மயானம்னு போட நமக்கு அதிகாரம் இல்ல. பண்பாட்டுச் சிறப்புன்னா நிபுணர் அறிக்கை வேணும்."

"எங்க பெரியவங்க அந்த மேட்டுல படுத்திருக்காங்கன்னு நான் நாப்பது வருஷமா சொல்றேன்" என்றாள் வெர்னா. அவள் குரலில் கோபம்கூட இல்லை, அது எப்போதோ சலித்துப்போயிருந்தது. "ஆதாரம் எங்கன்னு கேட்டீங்க. இன்னிக்கு ஒரு நாயி வந்து சாட்சி சொன்னதும் நம்பறீங்க." காலின் தலையைக் குனிந்துகொண்டான். "வகையெல்லாம் அப்புறம் பாக்கலாம் மொய்ரா. இப்போதைக்கு, ஆள் இருக்குன்னு எழுது."

ஆணையர் அதை எழுதிக்கொண்டாளா என்று தெரியவில்லை. வெர்னா நோரீனின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, மறந்து வைத்த கண்ணாடியை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள். காலினும் கெர்ரியும் அவள் பின்னாலேயே போனார்கள். போகிற போக்கில் சவுக்கு மரத்துக்கு எந்தப் பக்கம் உங்கப்பா என்று காலின் கேட்பதும், ரஸ்ட்டி அதற்குக் கீழ்ச்சரிவில் என்று சொல்வதும் மாடிப்படி வரைக்கும் கேட்டது.

கிரேயம் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான்.

"ஆறு மாசத்துல திரும்ப வரும்" என்றான். "மந்திரிகிட்ட எழுதி, எங்களுக்கெல்லாம் விதிவிலக்கு குடுங்கன்னு கேட்டா குடுத்துடுவாங்க. உக்காந்து ஓட்டுப் போடலாம்."

"வரட்டும். அப்பவும் எழுந்து சொல்றேன்."

"நான் கேக்கப் போறதில்ல. வேற எவனாவது கேப்பான்னு சொல்றேன்."

"உனக்கு யாரு அங்க, கிரேயம்?"

அவன் சங்கிலியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "எங்கப்பா."

வால்டர் பாஸ்க்கை நோரீனுக்கு நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் மேலதிகாரியாக இருந்தவர். ஊரில் ஒருவரோடும் நின்று பேசியதில்லை. வீட்டில் பேசினாரோ என்னவோ, கை நீட்டினார் என்பது தெரியும். கொளுத்தும் டிசம்பர்க் கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிரேயம் வகுப்புக்கு வருவான். டீச்சர் ஏன் என்று கேட்கவே மாட்டார். வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நோரீனும் கேட்கவில்லை.

"அங்கதான் போடணும்னு சொல்லிட்டுச் செத்தாரு" என்றான் கிரேயம். "போட்டேன். திரும்பிப் பாக்காம எறங்கி வந்தேன். அதுக்கப்புறம் அந்த மேட்டுப் பக்கம் போனதே இல்ல. கார்ல போனாகூட மொகத்தத் திருப்பிக்குவேன். அது மேல கட்டடம் வந்துட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். பெரிய கட்டடம். படுக்க, சமையல்கட்டு, நர்ஸுங்க, ஜனங்க. அவரு மேல நடந்து போகணும் எல்லாரும்." ஒரு மூச்சு விட்டான். "இல்லம் வேணும்கறதும் நெசம்தான். அது பொய் இல்ல."

"தெரியும்."

"நீ எழுந்து நின்னு, அந்தப் படத்துல இருக்கறது என் பையன்னு சொன்னே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது." அவன் இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நோரீன், அது எங்கப்பா. அந்தப் பாறைக்கு அடியில. வேற எடத்துல காத்து தூக்கிட்டுப் போயிடும்னு நான் அங்கதான் கொட்டினேன். உன் பையன் போன மறு வருஷம். ஏற்கனவே அங்க புல்லு பட்டுப் போயிருந்துச்சு. நான் அதப் பத்தி யோசிக்கவே இல்ல."

அந்தச் சொட்டை ஏன் அவ்வளவு பெரியது என்று அவள் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். ஒரு பையனுக்கு இவ்வளவு இடமா என்று. உயரமான பையன், அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம், டெஸ்ஸைத் திட்டியதையும் தன்னைத் திட்டிக்கொண்டதையும், வாய்விட்டு அழுததையும், வால்டர் பாஸ்க்கும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. மகனின் படுக்கையில் யாரோ ஏறிப் படுத்துக்கொண்ட மாதிரி. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள்.

பக்கத்தில் கிரேயம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறுபது வயசுக்கு மேல் ஆகியும், அடி விழும் என்று காத்திருக்கிற பையன் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தான். முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டையை இன்றைக்கும் பார்க்காத மாதிரி இருக்க அவளால் முடியவில்லை.

"மன்னிச்சுக்கோ" என்றான் அவன். "அவர அங்கேருந்து எடுக்க முடியாது."

"எடுக்க வேணாம்" என்றாள் நோரீன்.

எழுந்து போய்க் கெட்டிலைத் திறந்து, இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினாள். ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள், இந்த முறை கொஞ்சம் நெருக்கி.

"எங்க ரோரி யாரையும் விட மாட்டான் கிரேயம். உனக்கே தெரியும். பெட்ரோல் போட வந்தவன நிறுத்தி வெச்சு, வாயப் புடுங்கி, அழ வெச்சு அனுப்புவான். இத்தன வருஷம் ஒரே எடத்துல. நெனச்சுப் பாரு." அவள் குரல் இப்போது நடுங்கியது. "உங்கப்பன அவன் எப்பவோ பேச வெச்சிருப்பான்."

கிரேயம் கோப்பையைத் தரையில் வைத்தான். முகத்தைப் பொத்திக்கொள்ள அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.